வரிசை தவறிய ஃப்ளாப்பி

“அலமாரி சாவியக் குடுங்க சார். நானே எடுத்துக்கிறேன்.”

கேட்டாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று குசுமாவதிக்கு இரண்டு பேர் சொல்லிவைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியின் மனைவி திரிபுரசுந்தரி மாடியிலிருந்து இறங்கிவந்து, குரலைத் தாழ்த்தி, “மாசத்துல அந்த மூணு நாளு மட்டும் அலமாரி சாவி கேக்காதம்மா. நமசிவாயத்துகிட்ட சொல்லு, எடுத்துக் குடுப்பாரு” என்றாள். அன்று வீட்டுக்குப் போய்ப் பொருமியபோது, அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “அவங்க வீட்டு சாமி. நம்ம வீட்ல மட்டும் அந்த மூணு நாளு நீ எங்க உக்காந்திருக்க? கேக்காத, அவ்ளோதான்” என்று முடித்துவிட்டாள்.

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில், மாடியில் குடியிருப்பும் கீழே கம்ப்யூட்டர் சென்டருமாக இருந்தது சம்பந்தமூர்த்தியின் வீடு. ஊரில் கம்ப்யூட்டரைப் பார்க்காதவர்கள் ஏ.சி. காற்று வாங்கவாவது அந்த வாசலில் எட்டிப்பார்ப்பார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். மெஷின் வந்தது ஒரு விஜயதசமியன்று. அன்றிலிருந்து மெஷின் வேறு, சரஸ்வதி வேறு இல்லை என்பது சம்பந்தமூர்த்தியின் கட்சி. இரும்பு அலமாரியின் உள்ளே சரஸ்வதி படம், அதற்குக் கீழே ஊதுபத்தி, அதற்கும் கீழே பேக்கப் ஃப்ளாப்பிகள் இருந்த பெட்டி. பக்தி மட்டும் காரணமில்லை. அந்தக் கட்டடத்தில் தூசி நுழையாத இடம் அது ஒன்றுதான்.

சம்பந்தமூர்த்தி கெட்ட மனிதரில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பையன்கள்தான் வேண்டும் என்று எல்லாரும் திருப்பியனுப்பிய காலத்தில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கடலை விவசாயி விருசபதாசனின் மகளை, கணிதப் பட்டத்தை மட்டும் பார்த்து வேலைக்கு வைத்தவர் அவர். மெட்ராசுக்கு அனுப்பிப் பயிற்சியும் கொடுத்தார். அவர் சாவியை எடுத்து நீட்டத்தான் செய்தார்.

அப்போது மாடிப்படியில் திரிபுரசுந்தரியின் குரல் கேட்டது. “காலையில கோயில் பிரசாதம் குடுத்தேன். தினம் கைய நீட்டி வாங்கிக்கிறவ, இன்னிக்கு ஒதுங்கிப் போயிட்டா. ஏன்னு கேட்டுட்டுக் குடுங்க.”

உள்ளே கல்லூரியிலிருந்து வந்த கிளார்க் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வாசலில் ஏ.சி.க்கு நின்றிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு. நீட்டிய சாவியைச் சம்பந்தமூர்த்தி பின்னால் இழுத்துக்கொண்டார். கேள்வியைக் கேட்க அவருக்கும் கூச்சம். கேட்காமல் விடவும் முடியவில்லை.

“இன்னாம்மா குசுமா… இன்னிக்கு… பரவாயில்லையா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாயிற்று. கிளார்க்குகளில் ஒருவர் சட்டென்று சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். கணக்கு இரண்டு நாள் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒன்றும் தெரியாதவள்போல் சாவியை வாங்கி வேலையை முடித்துவிடலாம் என்று துணிந்து கேட்டவள், இப்போது திருடப்போய்ப் பிடிபட்டவளாக நின்றாள். உடம்பில் இருக்கிற ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்துவிட்டது.

“சரி சரி. நமசிவாயம், நீ எடு. ஃப்ளாப்பிய நீயே மெஷின்ல போடு, நீயே எடு. அவ தொட வேணாம். அவ டைப் மட்டும் அடிக்கட்டும்.”

நமசிவாயம் முதலாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பில் போடுவது, காபி வாங்கிவருவது, பத்தி ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். “இன்னிக்கு சரஸ்வதிக்கு அர்ச்சகர் நான்தான். ம்… மந்திரம் சொல்லும்மா, பூ நான் போடறேன்.”

ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்தார். குசுமாவதி நாற்காலியை மெஷின் பக்கம் இன்னும் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மானிட்டரைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்தாள். அந்த நாள் கெட்டது அந்த இடத்தில்தான்.

வேலை சின்ன வேலையில்லை. மெஷினை இயக்குகிற புரோகிராமான டாஸில் புதுசு ஒன்று மெட்ராசிலிருந்து வந்து இரண்டு வாரமாகிவிட்டது. மெஷின் அதில்தான் ஓடியது. ஆனால் ஹார்ட் டிஸ்க் இன்னும் பழைய முறையிலேயே கிடந்தது. அந்தப் பழைய முறை எப்படியென்றால், கார்த்திகைத் தீபத்துக்குத் தனியாளாக வந்து நிற்பவருக்கும் எட்டுப் பேர் படுக்கிற அறையைத்தான் தருவேன் என்று அடம்பிடிக்கிற லாட்ஜ் மாதிரி. ஒருவருடைய கண் அளவு நாலு வரி. அந்த நாலு வரிக்கு டிஸ்க்கில் ஒரு பெரிய அறை. அறை எதுவும் நிரம்பவில்லை, ஆனால் அறைகள் தீர்ந்துவிட்டன. புது டாஸுக்குச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக் கொடுக்கத் தெரியும். ஆனால் இருக்கிற கட்டடத்தில் அது சுவர் எழுப்பாது. எல்லாரையும் வெளியேற்றி, இடித்து, மறுபடி கட்டினால்தான் உண்டு. கட்டிவிட்டால் பழைய டாஸுக்கு அந்த டிஸ்க்கின் வாசல்கூடத் தெரியாது. திரும்பி வர வழியில்லை.

வெளியேற்றி நிறுத்திவைக்கும் இடம்தான் ஃப்ளாப்பி. அதனால்தான் பேக்கப் முக்கியம். அந்தச் சமயத்தில் மெஷினில் இருந்தவற்றில் முக்கியமானது கீழ்பென்னாத்தூர்க் கண் முகாம். அந்த ஊர் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா வேதா நடத்திய இலவச முகாமில் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வந்து கண்ணைக் காட்டியிருந்தார்கள். ஒவ்வொருவர் அளவையும் குசுமாவதிதான் ஏற்றினாள். அந்த வாரம் அச்சடித்து மெட்ராசுக்கு அனுப்பினால் கண்ணாடி தயாராகி வரும். டாக்டரம்மா கைப்பட எழுதிய சீட்டுகள் ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சில்ல, அப்புறம் இன்னாத்துக்குக் குப்பை?” என்று சம்பந்தமூர்த்தி கேட்டபோது, ஆமாம் என்று தலையாட்டியவளும் அவள்தான்.

முக்கியமானது முதலில் ஏறட்டும் என்று கண் முகாமைத்தான் முதலில் எடுக்கவைத்தாள். திரை ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடும்: அடுத்த ஃப்ளாப்பியைப் போடு, அதில் இருப்பது அழியும், போட்டதும் ஒரு விசையைத் தட்டு.

“அடுத்தது” என்பாள் குசுமாவதி, திரையைப் பார்த்தபடியே.

“போட்டாச்சி” என்பார் நமசிவாயம்.

தட்டுவாள். டிரைவ் கரகரக்கும்.

“அடுத்தது.”

“போட்டாச்சி, போட்டாச்சி. நயினார் வீட்டுப் பொண்ணு, பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும். சீக்கிரம் முடி தாயி.”

சமணக் குடும்பத்தில் இருட்டிய பிறகு சாப்பிடமாட்டார்கள் என்பதை வைத்து ஒரு கேலி. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும். காலண்டர் படிக்கும் கிளார்க்கைப் பார்க்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் தானே எடுத்து, ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, போட்டு, எடுத்துத் தனியாக அடுக்குவாள். இன்று கை மடியில் கிடந்தது. திரையில் ஃப்ளாப்பியின் எண் ஏறிக்கொண்டே போனது. பெட்டியில் இத்தனை இல்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அலமாரியில் புதுப் பெட்டி ஒன்று இருந்தது, அதை உடைத்திருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். “அண்ணே, புதுசா போடறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

பேக்கப் முடிந்தது. டிஸ்க்கைப் புது முறைக்குப் பிரித்தாள். ஃபார்மட் கட்டளை கொடுத்தாள். இதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும், தொடரட்டுமா என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினாள். அதற்கு அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மதியம், திரும்ப ஏற்றும் நேரம். நமசிவாயம் முதல் ஃப்ளாப்பியைப் போட்டார். வரிசை தவறிய ஃப்ளாப்பி, மாற்று என்றது திரை.

“முதல்தத் தான போட்டீங்க?”

“ஒண்ணுன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலயா எனக்கு?”

அவள் எழுந்தாள். தொடக்கூடாது என்பதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை. டிரைவிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். ஒன்று என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. மறுபடி போட்டு உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தாள். முதல் ஃப்ளாப்பிக்குள் பதினைந்தாவது உட்கார்ந்திருந்தது. இரண்டாவதற்குள் பதினாறாவது. அதற்கடுத்ததும் அப்படியே.

“அண்ணே… பெட்டி தீந்ததும் இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்ணுவாங்க? மேல இருந்து மறுபடி ஆரம்பிச்சேன். நீதான ‘அடுத்தது அடுத்தது’ன்ன?”

“புதுப் பெட்டி இருக்கே அலமாரில!”

“அது மஞ்சள் குங்குமம் வெச்சது. பூஜையில இருக்கிறத யாரு உடைப்பா? நீ சொன்னியா உடைக்கச் சொல்லி?”

சொல்லவில்லை. முதலில் ஏறிய கண் முகாம் முதலிலேயே அழிந்திருந்தது. கல்லூரிக் கணக்கு, மற்றக் கணக்கெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. முகாமுக்கு வந்தவர்களின் பெயரும் ஊரும் வயதும் மட்டும் வேறொரு டைரக்டரியில் இருந்ததால் பிழைத்தன. கண் அளவு ஒன்றுகூட இல்லை.

சம்பந்தமூர்த்தி முதலில் நமசிவாயத்தின் மேல்தான் பாய்ந்தார். “அறிவிருக்காடா உனக்கு? போட்டதுலயே மறுபடி போடுவியா?”

“நான் இன்னா படிச்சவனா? பக்கத்துல டிகிரி படிச்சது உக்காந்திருந்துச்சே!”

திரிபுரசுந்தரி கீழே இறங்கிவந்தாள். அலமாரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “யாரையும் திட்டாதீங்க. நான் அப்பவே சொன்னேன். தொடலன்னாலும் அந்த நாள்ல பக்கத்துல உக்காந்தா ஆகுமா? அம்மா எறங்கிப் போயிட்டா.”

நமசிவாயம் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அதான் அண்ணி. நான்கூட நினைச்சேன், காலையிலிருந்து மனசே சரியில்ல.” சம்பந்தமூர்த்தியின் கோபம் இறங்கியது தெரிந்தது. தீட்டு என்றால் யார்மேலும் குற்றமில்லை. தம்பியும் தப்பினான், அவரும் தப்பினார்.

குசுமாவதியும் தப்பினாள். இதைத்தான் பிறகு நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ‘தீட்டுமில்லை, மண்ணுமில்லை, நான் கவனிக்கவில்லை’ என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பட்டம் பொய், மெட்ராஸ் பயிற்சி பொய், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மெஷின் வேலை என்று கேட்டவனெல்லாம் சரி. தீட்டு என்று விட்டுவிட்டால் அவள் புத்தியை யாரும் குறை சொல்லப்போவதில்லை, உடம்பைத்தான் சொல்வார்கள். உடம்பை எப்படியும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஊரையே திட்டித் தீர்க்கிற அவளுடைய வாய் அன்று மூடியே இருந்தது. திரிபுரசுந்தரி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து மெஷினைச் சுற்றித் தெளித்தபோது, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

மறுநாள் காலை, முந்தைய நாள் பேசிய தீட்டை மறந்தவர்போல், சம்பந்தமூர்த்தி அவளைக் கூப்பிட்டுப் பெயர்ப் பட்டியலைத் திரையில் கொண்டுவரச் சொன்னார்.

“வயசு இருக்கில்ல? அது போதும். நாப்பதத் தாண்டினவங்களுக்கு ஒண்ணு போடு. அம்பதுக்கு ரெண்டு. அதுக்கு மேல ரெண்டரை, மூணு. ரோட்டோரம் ரெடிமேட் கண்ணாடி விக்கிறவன் இப்டித்தான் குடுக்கிறான். ஜனங்க போட்டுக்கிட்டு நல்லாத்தான இருக்காங்க?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது சார். ரெண்டு கண்ணுக்குமே வேற வேற இருக்கும்.”

“தெரியும்மா. கொஞ்சம் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி, அவ்ளோதான? இலவசக் கண்ணாடில யாரு வந்து அளந்து பாக்கப் போறா? டாக்டரம்மாகிட்ட போய் எல்லாம் போச்சுன்னு சொன்னா அடுத்த முகாமே நமக்கு வராது. உன் பேரும்தான் கெடும்.”

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால் அது ஆழமாக இறங்கியது. அவள் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். வயதைப் பார்ப்பது, எண்ணைப் போடுவது. விரல் தயங்கவில்லை, அதுதான் கேவலம். சொர்ணாம்பாள், அறுபது, மூன்று. கண்ணாயிரம், ஐம்பத்திரண்டு, இரண்டு. ஆதிராஜ், நாற்பத்தேழு, ஒன்று. பிறகு விருசபதாசன், ஐம்பத்தாறு.

அவள் அப்பா. முகாமுக்கு அவளே வற்புறுத்தி அனுப்பிவைத்த அப்பா. ஊசிமுனை மாதிரி இருக்கிற பூச்சியைக் கடலைச் செடியில் தேடிக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியில் கோடு விழுந்த மனிதர். என் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்துது, அளவு தப்பாது என்று முகாம் வரிசையில் பக்கத்து ஆளிடம் பெருமையடித்ததாக அம்மா சொல்லியிருந்தாள்.

இரண்டு என்று தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

“ஏம்மா, கண்ணாடி வந்துட்ச்சா?”

வாசலில் ஒரு பெண். தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாள். சேலையெங்கும் கடலைத் தோல் தூசி. அனுமதி கேட்காமல் உள்ளே வந்து, குசுமாவதியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“அட, பொம்பளப் புள்ளயா? நான் யாரோ சாருன்னு நினைச்சேன். கிட்ட வந்தாத்தான் எனக்கு ஆளே தெரியும்.”

“பேரு?” என்றார் சம்பந்தமூர்த்தி.

“வள்ளி. கீழ்பென்னாத்தூரு. மிஷின்ல கடலை உடைக்கிறோம். போன வாரம் பெல்ட்டுல சேலை மாட்டிக்கிச்சி, மேஸ்திரி கண்ணாடி இல்லாம வராதன்னுட்டான். அதான் சந்தைக்கு வந்தவ எட்டிப்பாத்துட்டுப் போலாம்னு.”

“அடுத்த வாரம் வந்துரும். போ.”

“நிச்சயமா வந்துருமா சார்? ஒரு வாரம் வேலை இல்லன்னா…”

“வரும்னு சொன்னேனே.” அவர் குசுமாவதி பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “முப்பது வயசுதான் இருக்கும். இந்த வயசுக்கு ஒண்ணும் வேணாம். சும்மா கண்ணாடி போட்டுக் குடுத்துரலாம்.”

திரையில் வள்ளியின் வரி இருந்தது. பெயர், ஊர், வயது முப்பத்திரண்டு, பிறகு காலி. குசுமாவதிக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. டாக்டரம்மா எண்ணை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். கழித்தல் குறியோடு பெரிய எண். எவ்வளவு? ஐந்தா, ஏழா? கண்ணை மூடிப் பார்த்தாள். கோடு மட்டும்தான் தெரிந்தது. எண் வரவில்லை. வராது. அதை வைத்திருந்த இடத்தை அவளே தரைமட்டமாக்கியாகிவிட்டது.

“அக்கா” என்றாள். குரல் பிசிறியது. “உங்க கண் அளவு அழிஞ்சு போச்சு. எல்லாரோடதும் போச்சு. அடுத்த வாரம் வராது.”

“குசுமா!” என்றார் சம்பந்தமூர்த்தி.

“அழிஞ்சி போச்சுன்னா?” வள்ளிக்குப் புரியவில்லை. “யாரு அழிச்சா?”

“நான்தான். பாத்து செய்யணும், பாக்கல. மறுபடி கண்ணக் காட்டணும்.”

“ஏம்மா பாக்கல?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். நமசிவாயம் பத்தி ஏற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

படியிலிருந்து திரிபுரசுந்தரி, “அது அவ தப்பில்லம்மா. நேரம் அப்படி. வீட்டுக்கு விலக்கா இருந்தா, அதனால…” என்று ஆரம்பித்தாள்.

“அதனால இல்லம்மா.” இந்த முறை குரல் பிசிறவில்லை. “வீட்டுக்கு விலக்கா இருந்தேன், நெசம்தான். அதுல ஃப்ளாப்பி அழியாது. நாலு பேரு முன்னாடி என்னைக் கேட்டீங்க, எனக்கு மானம் போச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தேன். அவரு இன்னா போடறாருன்னு பாக்கல. அவரு மேலயும் தப்பு, என் மேல அதவிட ஜாஸ்தி தப்பு. நேத்து நீங்க தீட்டுன்னீங்க. நானும் சும்மா இருந்துட்டேன், தப்பிச்சோம்னு.”

சொல்லி முடித்ததும் இலேசாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் தவறு. ஒன்றும் இலேசாக இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் உள்பாவாடையோடு நிற்பதுபோல் இருந்தது.

“போதும், நிறுத்து” என்றார் சம்பந்தமூர்த்தி. முகம் வெளுத்திருந்தது. “இப்ப இன்னா பண்ணப் போற?”

“டாக்டரம்மாகிட்ட போறேன் சார். நேத்து நடந்தது, இன்னிக்கு நாம அடிச்சிக்கிட்டிருந்தது, ரெண்டையும் சொல்லப் போறேன்.”

“இன்னிக்கு அடிச்சத எதுக்குச் சொல்லணும்? அத அழிச்சிட்டாப் போச்சு. ஒக்காரு, பேசலாம். நானே பக்குவமா அவங்களுக்குப் போன் போட்டு…”

“பக்குவமா வேணாம் சார்.”

“அப்டின்னா நாளைக்கு இங்க வராத” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதுவரை அடித்த பொய் எண்களையெல்லாம் அவள் திரையிலிருந்து நீக்கினாள். அப்பாவுடையதும் போயிற்று. பெயர்களும் வயதும் மட்டும் நின்றன. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “நீங்களும் வாங்கக்கா” என்றாள்.

“எங்கம்மா கூட்டினு போற?” என்றாள் வள்ளி, பின்னாலேயே வந்து. “டாக்டரம்மா திட்டுவாங்களா?”

“திட்டுவாங்க.”

“என்னையா?”

“என்னைத்தான்.”

“அப்ப சரி. நான் சந்தைக்குப் போயிட்டு வரேன், பஸ்ஸுல எடம் போட்டு வையி.”

ஊரில் இறங்கினால் அப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்று சொல்லாமல் படுப்பதில்லை என்பது மட்டும் தெரிந்தது. வாசலில் செருப்பைத் தேடி மாட்டினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிகிற முகத்தை அவள் திருப்பிக்கொள்ளவில்லை. அவரைக் கடந்து வெயிலில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.